மேக்ஸ் பெய்ன் 3-ல் ஸ்லோ மோஷன் சண்டை பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. விளையாடினால் மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது? எப்படிச் சமாளிப்பது?

எரிச்சலுக்குக் காரணம் உங்கள் கை வேகம் இல்லை. எந்தப் பாய்ச்சலைப் பார்த்து ஆசைப்பட்டு இந்த கேமைத் தொடங்குகிறோமோ, அந்தப் பாய்ச்சலுக்குத்தான் உள்ளே தண்டனை வைத்திருக்கிறார்கள்.

2012-ல் ராக்ஸ்டார் வெளியிட்ட இந்த கேமில் நேரத்தை மெதுவாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புல்லட் டைம். நின்றபடியும் ஓடியபடியும் போடலாம்; போட்டால் அதன் இருப்பைக் காட்டும் மீட்டர் குறையும், எதிரிகளை வீழ்த்தினால் ஏறும். இன்னொன்று ஷூட்டாட்ஜ், அதாவது சுட்டபடியே பாய்வது. அதற்கு மீட்டர் தேவையில்லை. செலவில்லையே என்று பலரும் பாய்ந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் காற்றில் இருக்கும்வரைதான் உலகம் மெதுவாக நகரும். தரையில் விழுந்த கணமே எல்லாரும் பழைய வேகத்துக்கு வந்துவிடுவார்கள். மேக்ஸ் மட்டும் மெல்ல எழுந்திருப்பார். அறையில் ஐந்து பேர் இருந்து, பாய்ச்சலில் இரண்டு பேரைச் சாய்த்தால், மீதி மூவருக்கும் நீங்கள் அசையாத இலக்கு.

உடலசைவுக்கு யூஃபோரியா என்ற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியிருப்பதால் மேக்ஸின் உடலுக்கு எடை உண்டு. மேசை, கைப்பிடிச் சுவர், தூண் எதில் மோதினாலும் பாய்ச்சல் பாதியில் முறிந்து சுருண்டு விழுவார். பார்க்க அவ்வளவு இயல்பாக இருக்கும் அதே விஷயம்தான் உயிரையும் வாங்குகிறது.

அதனால் பாயும் முன் எதிரியைப் பார்ப்பதைவிட, விழப்போகும் இடத்தைப் பாருங்கள். இரண்டு மறைவுகளுக்கு நடுவே பக்கவாட்டில் பாய்வதுதான் பாதுகாப்பு. படிக்கட்டிலிருந்தோ மேல்தளத்திலிருந்தோ கீழ்நோக்கிப் பாய்ந்தால் காற்றில் இருக்கும் நேரம் கூடும், இன்னும் ஒரு தலையாவது கிடைக்கும். விழுந்த பிறகு நகரும் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் எழ ஆரம்பித்துவிடுவார். படுத்தபடியே எந்தப் பக்கமும் திரும்பிச் சுடலாம். கண்ணில் படுபவர்களை முடித்துவிட்டு எழுந்திருங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பாய்வது வேண்டாம். முதலில் மறைவு, அடுத்து புல்லட் டைமில் எட்டிப் பார்த்து இரண்டு மூன்று பேரைக் குறைப்பது, கடைசியில் மிஞ்சிய ஒன்றிரண்டு பேருக்குப் பாய்ச்சல்.

அடுத்த தலைவலி லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங். கையில் ஒரு பெயின்கில்லராவது (உயிரை மீட்கும் வலி மாத்திரை) இருக்கும்போது உயிர் தீர்ந்தால் நேரம் மெதுவாகும்; உங்களைச் சுட்டவனை அதற்குள் கொன்றால் அந்த மாத்திரை செலவாகி நீங்கள் பிழைப்பீர்கள். யோசனை அருமை. ஆனால் அவன் தூணுக்குப் பின்னால் நின்றால் வழியே இல்லை. மேகசினில் தோட்டா தீர்ந்திருந்தாலும் கதை முடிந்தது. பிழைத்தாலும் வெட்டவெளியில் தரையில்தான் கிடப்பீர்கள், மறுபடி எழ வேண்டும். எனவே கடைசி மாத்திரையை அவசரப்பட்டு விழுங்காதீர்கள். அது கையில் இருப்பதே ஒரு கூடுதல் உயிர். மறைவுக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் ரீலோட் செய்யுங்கள், பாதி மேகசின் மிச்சம் இருந்தாலும் சரி. ஓல்ட் ஸ்கூல் என்ற கடின நிலையில் இந்த வாய்ப்பே கிடையாது என்பதால் முதல் ஆட்டத்துக்கு அது வேண்டாம்.

ஆயுத விஷயத்தில் இரண்டு தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கைத்துப்பாக்கிகளையும் ஒரே நேரத்தில் ஏந்தினால் நீளத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுவார். பிற்பகுதியில் கவசமும் ஹெல்மெட்டும் போட்டவர்கள் வரும்போது அந்த இழப்பு பெரிதாக வலிக்கும். இன்னொன்று, கட்சீன் (இடையில் ஓடும் கதைக் காட்சி) முடிந்து ஆட்டம் திரும்பும்போது கையில் ரைஃபிளுக்குப் பதில் பிஸ்டல் இருக்கும் இடங்கள் நிறைய. இது அப்பட்டமான வடிவமைப்புக் குறை. காட்சி முடிந்ததும் முதலில் ஆயுதத்தை மாற்றும் பழக்கம் வந்துவிட வேண்டும்.

கண்ட்ரோலரில் ஆடினால் குறிவைக்கும் முறையை ஹார்ட் லாக்கில் விடாமல் சாஃப்ட் லாக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஹார்ட் லாக் என்ற முழுத் தானியங்கிக் குறி உடம்பைப் பிடிக்கும், தலைக்கு நகர்த்துவதற்குள் தோட்டா வீணாகும். கடைசி எதிரி சாகும்போது கேமரா குண்டோடு போய்க் காட்டும் அல்லவா, அதுதான் அந்தக் கூட்டம் முடிந்தது என்பதற்கான அடையாளம். அப்போது தொடர்ந்து சுட முடியும், தோட்டாவும் குறையும், விரலை எடுத்துவிடுங்கள். ஒரே செக்பாயிண்டில் (செத்தால் மறுபடி தொடங்கும் இடம்) திரும்பத் திரும்பச் செத்தால் கேமே கூடுதல் பெயின்கில்லர் கொடுக்கும். அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

இதே வகையில் சண்டை சரியாக அமைந்த கேம்களைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ரெமடி நிறுவனம் உருவாக்கிய மேக்ஸ் பெய்ன் 2-ல் (2003) புல்லட் டைமில் இருந்தபடி கொல்லக் கொல்ல உலகம் இன்னும் மெதுவாகும். ரீலோட் செய்தால் மேக்ஸ் சுழன்றபடி செய்து முடிப்பார், அதற்குள் யாரும் சுட்டுவிட மாட்டார்கள். துணிந்து நடுவில் நிற்பவனுக்குப் பரிசு கொடுக்கும் கணக்கு அது. கணினியில் நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியும். மூன்றாம் பாகத்தில் செக்பாயிண்ட் மட்டும்தான்.

மோனோலித் நிறுவனத்தின் ஃபியர் (2005) இன்னும் ஒரு படி மேலே. நிரலாளர் ஜெஃப் ஆர்கின் அமைத்த செயற்கை அறிவில், எதிரி ஒவ்வொருவரும் தன் இலக்குக்கு வேண்டிய செயல்களைத் தானே கோத்துத் திட்டமிடுவான். பதுங்கியே இருந்தால் பக்கவாட்டில் சுற்றி வருவார்கள், கையெறி குண்டு வீசி வெளியே துரத்துவார்கள். அந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் ஸ்லோ மோஷன் கிடைக்கிறது. மீட்டர் தானாகவே நிரம்பும். உயிரை மீட்கும் மெடிகிட் பத்து வரை கையில் வைத்துக்கொள்ளலாம். தரையில் விழுந்து எழும் பிரச்சினை எதுவும் இல்லை. மேக்ஸ் பெய்ன் 3-ல் கை சலித்துவிட்டால் சில நாள் இதை ஆடுங்கள். ஷாட்கன்னோடு ஒரு மூலையைத் திரும்புவதற்குச் சற்று முன்னால் நேரத்தை மெதுவாக்கத் தொடங்குங்கள், எதிரி கண்ணில் பட்ட பிறகு அல்ல.