மகளுக்கு 17 வயது, பைலட் ஆக ஆசை: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ படிக்கிறாள், பயாலஜி-கணிதம் குரூப். சின்ன வயதிலிருந்தே பைலட் ஆக வேண்டும் என்கிறாள். கண்ணாடி போடுகிறாள். ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்தோம். "18 மாதத்தில் லைசென்ஸ், 20 வயதில் வேலை, 21-ல் கேப்டன்" என்றார்கள். மொத்தம் 60 லட்சம், இந்த மாதமே 5 லட்சம் முன்பணம் கட்ட வேண்டுமாம். வீட்டை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறேன். கட்டலாமா?

பதில்: இந்த மாதம் கட்டாதீர்கள். மகளின் ஆசையில் குறை எதுவும் இல்லை, வயதும் சரியான வயதுதான். பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது, எதற்குப் பின்னால் செலவழிப்பது என்ற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

முதலில் வயது. இந்தியாவில் விதிகளை வகுப்பது டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். மாணவர் லைசென்ஸுக்கு 16 வயது, தனியார் லைசென்ஸுக்கு 17, சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸுக்கு (சி.பி.எல்.) 18, கேப்டனாக வேண்டுமானால் தேவைப்படும் ஏ.டி.பி.எல்.லுக்கு 21. எனவே மகள் இன்றே மாணவர் லைசென்ஸுக்குத் தகுதியானவர். சின்னப் பெண்ணாயிற்றே என்று தயங்க வேண்டாம். 1930-ல் கராச்சிக்காரர் ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியாகப் பறந்துவந்து ஆகா கான் பரிசை வென்றபோது அவருக்கு வயது 17. பின்னாளில் இந்திய விமானப்படைக்கே தலைமைத் தளபதியானார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சரி, பணத்தின் வரிசைக்கு வருவோம். முதல் செலவு மருத்துவப் பரிசோதனையாக இருக்க வேண்டும். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனை. சில ஆயிரங்களில் முடிந்துவிடும். மாணவர் லைசென்ஸுக்கு அது போதும். ஆனால் சி.பி.எல்.லுக்கு கிளாஸ் 1 கட்டாயம். அதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அருகில் என்றால் பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கண், காது, இசிஜி, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள்.

கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்று ஊரில் பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். கண்ணாடி போட்டபின் பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். என்னோடு பறப்பவர்களில் பலர் கண்ணாடி அணிபவர்கள்தான். சிக்கல் நிறக்குருட்டில்தான் இருக்கிறது. ஓடுபாதை விளக்குகளின் சிவப்பு, பச்சை, வெள்ளையைப் பிரித்தறிய முடியாவிட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது. பெண்களிடம் இது மிக அரிது, என்றாலும் சோதித்துவிடுங்கள். கண்ணாடியைத் தவிர்க்க அவசரப்பட்டு லேசர் அறுவைசிகிச்சைக்கும் போக வேண்டாம். அதற்குத் தனி நிபந்தனைகளும் காத்திருப்புக் காலமும் உண்டு. முதலில் விமான மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனின் அப்பா நிலத்தை விற்று 20 லட்சம் கட்டிவிட்டார். எட்டு மாதம் கழித்துத்தான் கிளாஸ் 1 எடுக்க அனுப்பினார்கள். இதயத்தில் பிறவியிலேயே ஒரு சின்னக் கோளாறு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. பள்ளி பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த அப்பாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது செலவு எழுத்துத் தேர்வுகள். ஏர் நேவிகேஷன், வானிலையியல், விமான விதிமுறைகள், டெக்னிக்கல் ஆகியவைதான் முக்கியப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். ரேடியோ தொடர்புக்குத் தனித் தேர்வு உண்டு. அதில் வாய்மொழிச் சுற்றில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், ஆங்கிலம் பேசிப் பழகாததால். மகள் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு ஆங்கிலம் வாசிக்கட்டும். பறக்கத் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று தாள்களை முடித்துவிட்டால் பெரிய ஆதாயம். படிப்பு பாக்கியிருக்கும் மாணவர் பள்ளியில் வெயிலில் காத்திருக்கும் நாட்கள்தான் அதிகம். இந்தப் படிப்பு மகளுக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் பள்ளி. சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே விமானத்தின் பொறுப்பாளராக. 300 கடல் மைல் தூரத்துக்கு, வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறும் ஒரு நீண்ட பயணமும் அதில் அடக்கம். பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் நடக்கும், கடைசியில் கொஞ்சம் இரட்டை எஞ்சினில். 200 மணி நேரம் என்றால் குறைவாகத்தான் தோன்றும். உண்மையில் அது எப்படி இழுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பள்ளியில் பறக்கும் நிலையில் 4 விமானங்கள், 60 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விமானம் நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 25 நாள் பறந்தால் 125 மணி. நான்கும் சேர்த்து 500. ஒரு மாணவருக்கு மாதம் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 200 மணியை எட்ட 24 மாதம். மழைக்காலம், வடக்கே என்றால் மூடுபனி, பழுது பார்க்கும் நாட்கள், பயிற்றுநர் வேலையை விட்டுப்போன மாதம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. நான் பயிற்சி எடுத்த இடத்தில் ஓர் எஞ்சின் பாகத்துக்காக இரண்டு விமானங்கள் நான்கு மாதம் கொட்டகையில் கிடந்தன. 18 மாதம் என்று சொல்லிச் சேர்த்தார்கள், நான் முடித்தது 31-ஆவது மாதம்.

ஆகவே பள்ளியில் "எத்தனை விமானம் இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "இன்று எத்தனை பறக்கிறது" என்று கேளுங்கள். பயிற்றுநர்கள் எத்தனை பேர், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார் என்றும் கேளுங்கள். அங்கே படிக்கும் இரண்டு பேரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் அவர்களின் லாக்புக்கைப் பாருங்கள், உண்மை அதில் இருக்கும். 2025-லிருந்து டிஜிசிஏவே பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். கட்டணத்தைப் பறந்த மணிக்கு ஏற்ற தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளாத பள்ளி எனக்கு வேண்டாம் என்பேன்.

உத்தரப்பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் ஆங்கிலம், இயற்பியல், கணிதம் தேவை. மகளின் குரூப்பில் இவை எல்லாம் இருப்பதால் தடையில்லை. கட்டாயம் முயற்சி செய்யட்டும். பி.எஸ்சி. ஏவியேஷன் என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பட்டம்தான், லைசென்ஸ் ஆகாது.

அடமானக் கேள்வியில் உங்களுக்குச் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. 60 லட்சத்தோடு செலவு முடிவதில்லை. ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ஓட்டத் தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி வேண்டும். பெரும்பாலும் அதற்கு இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். கடனுக்கு 11 சதவீத வட்டி என்று வைத்தால் 60 லட்சத்துக்கு மாதம் 55 ஆயிரம், வட்டி மட்டும். லைசென்ஸ் வந்த மறுநாளே வேலையும் கிடைப்பதில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020-ல் கொரோனா, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடி வந்தார்கள், 200 மணிக்காரர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். லைசென்ஸுக்குப் பிறகு இரண்டு வருடம் வேலை இல்லாமல் வட்டி கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் மட்டும் வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். அந்த இடைவெளிக்காகவே மகள் தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டமும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

21-ல் கேப்டன் என்பது சட்டப்படி முடியும், நடைமுறையில் இல்லை. ஏ.டி.பி.எல்.லுக்கு 1500 மணி நேரம் வேண்டும். ஒரு பைலட் வருடத்துக்கு 1000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது, நிறுவனங்கள் தரும் நேரம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 20, 21 வயதில் இணை விமானியாகச் சேர்ந்தால், இருபதுகளின் பிற்பகுதியில் இடது பக்க இருக்கை, அதாவது கேப்டன் இருக்கை கிடைப்பதே நல்ல வேகம். 65 வயது வரை பறக்கலாம். இரண்டு வருடம் முன்னே பின்னே ஆவதால் மகள் எதையும் இழக்கப்போவதில்லை.

இப்போது பிளஸ் டூ தேர்வை நன்றாக எழுதட்டும். விடுமுறையில் கிளாஸ் 2, அதையடுத்து கிளாஸ் 1. பள்ளிக்காரர் "இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது" என்று மறுபடி அழைத்தால், மருத்துவ முடிவு வந்ததும் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிடுங்கள். கிளாஸ் 1 கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் பார்த்துவந்த பள்ளிகளின் விமான எண்ணிக்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பினால், உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.