லாக்டவுன் போயிடுச்சு, பழக்கம் மட்டும் போகல: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல தூக்கம் பத்திதான், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

லாக்டவுன்ல ஆரம்பிச்சது, ராத்திரி 2 மணி வரைக்கும் தூக்கமே வரல. இப்ப ஆபீஸ் வேற போகணும். மாத்திரை போடலாமா?

மாத்திரைக்கு அவசரப்படாதீங்க. உடம்புக்குள்ள ஓடுற கடிகாரத்தை சரி பண்றதே காலை வெளிச்சம்தான், நாமளோ மாசக்கணக்கா வீட்டுக்குள்ளயே கிடந்தோம். வீட்டு லைட் என்னதான் பளிச்சுன்னு இருந்தாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கிற அலகு), வெளிய மேகமூட்டமா இருந்தாலும் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பகல் வெளிச்சம் கம்மியா, ராத்திரி போன் வெளிச்சம் ஜாஸ்தியா ஆனதுல தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின்ங்கிற ஹார்மோன் சுரக்கிற நேரமே தள்ளிப்போயிடுச்சு. எல்லாரும் பண்ற தப்பு, சீக்கிரமா போய் படுத்துக்கிட்டு தூக்கத்துக்காக காத்திருக்கிறது. அதை விட்டுடுங்க, எழுந்திரிக்கிற நேரத்தை பிடிங்க, ஞாயித்துக்கிழமையும் அதே நேரம்தான் (இங்கதான் முக்காவாசி பேர் கோட்டை விடுவாங்க). எழுந்ததும் அரை மணி நேரம் வெளிய நடங்க. படுத்து 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலன்னா எழுந்து வேற ரூமுக்கு போயிடுங்க, புரண்டுக்கிட்டே கிடந்தா கட்டில்னாலே முழிச்சிருக்கிற இடம்னு மூளை பழகிடும். சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம், குடிச்சு 5 மணி நேரம் ஆனாலும் அதுல இருக்கிற காஃபின் கிட்டத்தட்ட பாதி உடம்புலயேதான் இருக்கும். இவ்ளோ பண்ணியும் ஒரு மாசத்துல மாறலன்னா டாக்டரைப் பாருங்க.

எல்லாரும் சகஜமாயிட்டாங்க, எனக்கு மட்டும் கூட்டத்தைப் பாத்தாலே படபடன்னு வருது. நான் அவ்ளோ கோழையா?

கோழையெல்லாம் இல்ல. கொரோனா வந்த முதல் வருஷத்துலயே உலகம் முழுக்க பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடிடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்ல சொல்லுச்சு, அதனால நீங்க தனி ஆள் இல்ல. ஆனா ஒண்ணு, பயமா இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் போகாம இருந்தீங்கன்னா அந்த நிமிஷம் நிம்மதியா இருக்கும், அடுத்த தடவை பயம் இன்னும் பெருசா வரும். கூட்டம் கம்மியான இடம், 10 நிமிஷம், அப்படி ஆரம்பிங்க. படபடப்பு கொஞ்சம் இறங்குற வரைக்கும் அங்கயே நில்லுங்க, உச்சத்துல இருக்கும்போது ஓடி வந்துடாதீங்க.

வீட்டுக்காரர் எப்பவாவது குடிப்பாரு, லாக்டவுன்ல இருந்து தினமும் நிறைய குடிக்கிறாரு. நாளைல இருந்து அடியோட நிறுத்துங்கன்னு சொல்லலாமா?

நிறுத்தணும், ஆனா வீட்டுலயே திடீர்னு வேண்டாம். தினமும் நிறைய குடிச்சவங்க சட்டுன்னு விட்டா கை நடுக்கத்துல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகலாம். முதல்ல டாக்டர்.

அப்பா லாக்டவுன்ல போயிட்டாரு, கடைசியா முகம்கூட பாக்க முடியல. இன்னும் போன் அடிச்சா அவர்தான்னு தோணுது.

இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நாலு பேர் கூடி அழுது, அவரைப் பத்தி பேசி வழியனுப்புறதுலதான் போயிட்டாருங்கிறது மெல்ல மெல்ல மனசுக்கு உறைக்கும், உங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாம போச்சு. அவர்தான்னு தோணுறது பைத்தியம் இல்ல, பறிகொடுத்தவங்க நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா வருஷம் தாண்டியும் அதே தீவிரத்தோட இருந்து, வேலை, சாப்பாடு எல்லாமே தடைபட்டா அதுக்குன்னு சிகிச்சை இருக்கு, மனநல மருத்துவரைப் பாருங்க. அன்னைக்கு விட்டுப்போன சடங்கை இப்ப செய்யலாமான்னு கூச்சப்படாதீங்க, தாராளமா செய்யலாம். அன்னைக்கு வர முடியாதவங்களையும் கூப்பிடுங்க, ஆளுக்கொரு அப்பா கதை சொல்லட்டும்.