கரிகாலனைக் கொன்றவர் யார்?

கேள்வி: ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சொன்னது உத்தம சோழன்தானே? குந்தவைக்கும் இதில் பங்கு உண்டு என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். பத்திரிகைகள் ஏன் மூடி மறைக்கின்றன?
– வாசகர், லால்பேட்டை

பதில்: லால்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்தால் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். நீங்கள் கேட்கும் கொலைக்கு நமக்கிருக்கும் முக்கியமான சான்று அந்தக் கோயில் கல்வெட்டுதான். அதில் கொலைகாரராகக் குந்தவை பெயர் இல்லை. உத்தம சோழன் பெயரும் இல்லை. எல்லோரும் பார்க்கக் கோயில் சுவரில் இருப்பதை நாங்கள் எப்படி மறைக்க முடியும்?

அது கொலை வழக்கின் தீர்ப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நிலப் பத்திரம் என்று சொன்னால்தான் சரி. கரிகாலனின் தம்பி ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டில், 987-ஐ ஒட்டி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணர் ஊரின் சபைக்கு அரச ஓலை வருகிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது அது. அவர்கள் சொத்தோடு பிள்ளைகள், தாய்மாமன்மார், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் வரை எல்லோர் சொத்தையும் விற்கச் சொல்கிறது. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் வாங்கித் தருமத்துக்கு எழுதி வைத்தார். அதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள். கொலை ஏன் நடந்தது, எங்கே நடந்தது, பின்னால் யார் இருந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. பிரமாதிராஜன் என்பது அரசு கொடுக்கும் பட்டம் என்பதால், அவர்கள் பெரிய அதிகாரிகள் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

உத்தம சோழன் மேல் சந்தேகம் வைத்தவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அரியணையில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருமொழி, அதாவது ராஜராஜன், ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதால் வந்த சந்தேகம் அது. நம் திருப்புறம்பியத்துக்காரர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தம சோழனின் மகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் உயர்ந்த பொறுப்பில் இருந்தார். அண்ணனைக் கொன்றவன் மகனை யாராவது பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? எனக்குப் பண்டாரத்தார் பக்கம்தான் நியாயம் படுகிறது.

குந்தவை விஷயத்தில் அந்த அளவு சந்தேகத்துக்குக்கூட ஆதாரம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிமம் எடுத்து வைத்த மகள் அவர். அண்ணனைக் கொன்றவள் என்று அவரை வாய்க்கு வந்தபடி பேசுவதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் போனவர்தானே என்று பழி சுமத்தலாமா?

சரி, கொன்றவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், செத்துப்போன பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டோமா? 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன் வீரபாண்டியன். சேவூர்ப் போரில் அவனை எதிர்த்து நின்றபோது ஆதித்தன் சிறுவன். மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடுவதுபோல விளையாடினான் என்கிறது ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்த செப்பேட்டில்கூட அவனை மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்ற ஆதித்தனின் பட்டப்பெயரில் சில ஆண்டுக் கல்வெட்டுகள்தான் இருக்கின்றன. அப்புறம் இல்லை. 949-இல் தக்கோலத்தில் பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். அடுத்த இருபது, இருபத்திரண்டு வருஷத்துக்குள் இந்தப் பிள்ளையும் போனான்.

இன்னொன்று என்னை வெகுவாக உறுத்துகிறது. வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டம். நீங்கள் தினம் பார்க்கும் வீராணம் ஏரிக்கும், அந்தச் சதுர்வேதிமங்கலத்துக்கும் அதுதான் பெயர். பராந்தகன் ஆதித்தனுக்குக் கொள்ளுப்பாட்டன். பாட்டன் பெயர் தாங்கிய ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் பேரனைக் கொன்றிருக்கிறார்கள்.

ஒருநாள் போய்ப் பாருங்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'கொன்று' என்ற சொல்லை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழன்' என்று இருக்கும். அதையும் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.