விவசாய ஏற்றுமதி சூடு பிடிச்சா பசங்க ஸ்கூலுக்குப் போவாங்களா, வயலுக்கா?

ரெண்டுமே நடந்திருக்குங்க, லாபம் யார் கைக்குப் போகுதுன்றதப் பொறுத்து. வியட்நாம்ல அரிசி ஏற்றுமதிக்கு கோட்டா (இவ்வளவுதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு வரம்பு) வச்சிருந்தாங்க, தொண்ணூறுகள்ல அதைத் தளர்த்தினதும் 1993-98க்குள்ள அரிசி விலை மத்த சாமான் விலைய விட கிட்டத்தட்ட 30% ஏறிடுச்சு, ஆனா கிராமத்துல பசங்க வேலைக்குப் போறது குறைஞ்சுதான் போச்சு, ஏன்னா நிலம் பெரும்பாலும் சின்னக் குடும்பங்க கைல பரவலா இருந்துச்சு, நெல்லு வித்த காசு நேரா வீட்டுக்கு வந்துச்சு. அதிகமா தப்பிச்சது ஹைஸ்கூல் வயசுப் பொண்ணுங்க. அரிசிய காசு குடுத்து வாங்குற டவுன் குடும்பங்களுக்கு மட்டும் இது அடிதான்.

பிரேசில் காபில கதை உல்டா. விளைச்சல் ஏறுன சீசன்ல கூலியும் ஏறும், அப்ப பையன ஸ்கூலுக்கு அனுப்புறதே நஷ்டமாத் தெரியும், அதனால ஏழை, நடுத்தர வீட்டுப் பசங்கதான் தோட்டத்துக்குப் போனாங்க, வசதியான வீட்டுப் புள்ளைங்க அசையவே இல்ல.

இன்னும் குழப்பம் மேற்கு ஆப்பிரிக்காவுல கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளோட கோகோ (சாக்லேட் செய்யுற பயிர்) கதை. 2008-09ல இருந்து 2018-19க்குள்ள கோகோ ஏரியா விவசாய வீடுகள்ல கோகோ வேலை செய்யுற குழந்தைங்க 31%ல இருந்து 45% ஆயிட்டாங்க, அதே நேரம் ஸ்கூல் போறவங்களும் கூடிட்டாங்க. காலைல கிளாஸ், மிச்ச நேரம் தோட்டம்.