பாட்டு வகுப்பு: கேட்டார்கள், சொல்கிறேன்

பள்ளிகளில் இசை கற்பிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன். பதில்களைச் சுருக்க முடியவில்லை.

மூன்றாம் வகுப்புக்குப் பாட்டு எடுக்கிறேன். நான் பாடிக் காட்டினால் பாதிப் பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகுகிறார்கள். அவர்களுக்குச் சுருதி ஞானமே இல்லையா, டீச்சர்?

ஞானம் இருப்பதால்தான் முனகுகிறார்கள் ஐயா. ஆண் குரல் பிள்ளைகளின் குரலைவிட ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸ-விலிருந்து கீழ் ஸ வரையுள்ள தூரம், கீழே ஒலிக்கிறது. சில பிள்ளைகள் தாமாகவே மேலே மாற்றிப் பாடிவிடுவார்கள். மற்றவர்கள் கேட்டதைக் கேட்டபடியே பாட நினைத்து, உங்கள் இடத்துக்கே இறங்கப் பார்க்கிறார்கள். அந்த வயதுக்குச் சௌகரியமான இடம், பியானோவின் நடு ஸி-க்கு அடுத்த டி-யிலிருந்து ஏறக்குறைய ஒரு ஸ்தாயி. சுருதியைக் கட்டையால் அளக்கும் நம் கணக்கில் இரண்டு கட்டை ஸட்ஜமமும் (ஸ) அதற்கு மேலும். கள்ளக்குரலில், அதாவது இயல்புக்கு மேலே உயர்த்திய மெல்லிய குரலில், மெல்லப் பாடிக் காட்டுங்கள்; கூச்சமாக இருந்தால் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதல் வரி பாடச் சொல்லுங்கள்.

பெண்கள் சிரிக்க வேண்டாம். நானே ஐந்து கட்டைக்காரி. என் ஸட்ஜமம் நடு ஸி-க்கும் கீழே இருக்கிறது. அதே சுருதியில் பல ஆண்டுகள் பாடம் எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மந்திர ஸ்தாயி (ஸட்ஜமத்துக்குக் கீழுள்ள ஸ்வரங்கள்) ஒலிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டு விழா வருகிறது. ஒரு பையன் மட்டும் தனி வழியில் போகிறான். வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

கூடாது. நான் ஒருவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆண்டு முழுவதும், விழா முடிந்த பிறகும்கூட, அவன் என் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை.

சுருதி வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது கேட்டதைத் தொண்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவனை உங்கள் சுருதிக்கு இழுக்காதீர்கள். நீங்கள் அவனிடம் போங்கள். 'உனக்குப் பிடித்த இடத்தில் ஒரு ம்ம் சொல்லு' என்று கேட்டு, அதே இடத்தில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் சைரன் போலச் சறுக்கி மேலே போங்கள்; அவனும் வருவான். இன்னொரு பையன் எப்போதும் மூன்று ஸ்வரம் கீழேயே நிற்பான். ஒரு நாள் வகுப்பு முழுவதையும் அவன் இடத்துக்கு இறக்கிப் பாட வைத்தேன். இரண்டாவது வரியில் அவன் சட்டென்று நிறுத்திவிட்டு அக்கம் பக்கம் பார்த்தான். தன் குரல் மற்றவர் குரலில் கரைவதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டிருக்கிறான்.

தாளம் போட்டுப் பாடும்போது வேகம் கூடிக்கொண்டே போகிறது. மேசையைத் தட்டிப் பார்த்தேன், பயனில்லை.

நீங்கள் பலமாகத் தட்டினால் அவர்களும் பலமாகத் தட்டுவார்கள், ஓட்டம் நிற்காது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அவர்களுக்கு வேலை இல்லை, அதனால்தான் அடுத்த தட்டுக்குப் பாய்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்புங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' என்று கிசுகிசுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை வேண்டாம், இரண்டு விரல் போதும்.

முப்பது பிள்ளைகள், முப்பது ரெக்கார்டர் குழல்கள், ஒரே கீச்சொலி. எதைத் திருத்துவது?

முதலில் விரலை, பிறகு மூச்சை. துளையை அழுத்திவிட்டு விரலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: விரல் நுனியில் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும். பிறை பதிந்திருந்தால் காற்று கசிகிறது. மூச்சு, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் இதமாக இருந்தால் போதும். இடது கை மேலே. முதல் சில வாரங்களுக்கு பி, ஏ, ஜி ஆகிய மூன்று ஸ்வரங்களைத் தாண்டாதீர்கள்.

ஐந்து பேர் ஊத, மற்றவர்கள் ஊதாமல் விரல் மட்டும் வைக்கட்டும். இது உங்கள் காதுக்கும் நல்லது. பணியிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் வைத்திருக்கும் பரிந்துரை, 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி.

குழுவில் மேல் குரல் பாடிய பையனுக்கு 13 வயதில் குரல் உடைகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கப்போகிறது. அதுவரை ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் வரிகளைக் கொடுங்கள். எந்த இடத்தில் அவன் குரல் தெளிவாக ஒலிக்கிறது என்று சில வாரங்களுக்கு ஒரு முறை தனியாகக் கேட்டுப் பாருங்கள், எல்லோர் முன்னிலையிலும் அல்ல. மூன்று மாதம் கழித்து வரும் விழாவுக்கு இப்போதே தனிப்பாட்டு கொடுத்துவிடாதீர்கள்.

பாட்டுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். எப்படி?

முதல் வாரம் ஒவ்வொருவரும் பாடும் நான்கு வரியைப் பதிவுசெய்து வையுங்கள், கடைசி வாரம் அதே நான்கு வரி. பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாலையில் எனக்குப் பேசவே குரல் இருப்பதில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து பாடுகிறீர்கள் அல்லவா? நீங்கள் பாடும்போது உங்கள் குரலைத்தான் கேட்கிறீர்கள், யார் எங்கே தவறினார் என்பது காதில் விழாது. ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வழிகாட்டக் கை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் ஸ்வரத்துக்கு ஒரு கைச்சைகை அமைத்தார். ஹங்கேரியில் இசையமைப்பாளர் கோடாயின் வழியில் கற்பித்தவர்கள் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸட்ஜமத்துக்கு இடுப்பளவில் கை, பஞ்சமத்துக்கு (ப) நெஞ்சளவில், மேல் ஸட்ஜமத்துக்கு நெற்றிக்கு மேல். நாளைய முதல் வகுப்பிலேயே செய்து பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.