‘வெற்றி’ என்கிறது புரோகிராம், பேப்பரைக் காணோம்: நெட்வொர்க் பிரிண்டிங் கற்கும் ஓர் இன்டர்னுக்குப் பதில்

கேள்வி: சாஃப்ட்வேர் இன்டர்னாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். எங்கள் வெப் அப்ளிகேஷனிலிருந்து கிடங்கில் இருக்கும் நெட்வொர்க் பிரிண்டரில் டெலிவரி சீட்டு அச்சாக வேண்டும், இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பிரிண்டரின் ஐபி முகவரிக்கு, 9100 போர்ட்டில், பிடிஎஃப் ஃபைலை அப்படியே அனுப்புகிறேன். புரோகிராம் ‘வெற்றி’ என்கிறது. ஆனால் சில நேரம் பேப்பர் வருவதே இல்லை, சில நேரம் ஒரே சீட்டு இரண்டு தடவை வருகிறது. வேறொரு பிரிண்டருக்கு அனுப்பிப் பார்த்தபோது புரியாத எழுத்துகளாகப் பதினைந்து பக்கம் கொட்டியது. படிப்பில் இதெல்லாம் வரவே இல்லை. தினமும் சீனியரிடம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த ‘வெற்றி’யிலிருந்தே தொடங்குங்கள். அது யாருடைய வெற்றி? ஒரு சீட்டு உங்கள் கோடிலிருந்து பேப்பருக்குப் போவதற்குள் பல கை மாறுகிறது. உங்கள் புரோகிராம், அது ஓடும் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம், நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச், பிரிண்டரின் நெட்வொர்க் கார்டு, அதன் மெமரி, பக்கத்தை வரைகிற உள் மென்பொருள், கடைசியாகப் பேப்பரை இழுக்கும் உருளை. இதில் ஒவ்வொரு கையும் ‘நான் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்’ என்று மட்டும்தான் சொல்லும், அதற்கு மேல் அதற்குத் தெரியாது. உங்கள் கோடில் டேட்டாவை அனுப்பும் ஃபங்ஷன் பிழையில்லாமல் திரும்பினால், உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் பைட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம். பிரிண்டரைப் போய்ச் சேர்ந்ததா என்பதே அதில் கிடையாது, அச்சானதா என்பது அதைவிட எத்தனையோ தூரம்.

போர்ட் என்பது ஒரு கருவிக்குள் போகும் எண்ணிட்ட வாசல். 9100 போர்ட் வழி மிக எளிமையானது, அதனாலேயே எல்லோரும் முதலில் அங்கேதான் போய் நிற்கிறோம். பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் எச்பியின் ஜெட்டைரக்ட் கார்டுகள் பரவலாக்கிய வழி அது. கனெக்ஷனைத் திற, பைட்டுகளைக் கொட்டு, மூடு, அவ்வளவுதான். வேலைக்கு எண் கிடையாது, ரசீது கிடையாது. இப்போது உங்கள் சீட்டு ஏன் இரண்டாக வருகிறது என்று பாருங்கள். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோகிறது, அது டேட்டா வாங்குவதை நிறுத்துகிறது, டேட்டாவைக் கொண்டுபோகும் டிசிபி விதிமுறை உங்கள் பக்கத்தைக் காத்திருக்கச் சொல்கிறது, முப்பது விநாடியோ என்னவோ நீங்கள் வைத்திருக்கும் டைம்அவுட் முடிந்ததும் உங்கள் கோட் ‘தோல்வி, மறுபடி அனுப்பு’ என்று முடிவு செய்கிறது. அதற்குள் யாரோ பேப்பர் வைக்கிறார்கள். முதலில் போனது கிட்டத்தட்ட முழுதாக உள்ளே இருந்தால் அதுவும் அச்சாகும், இரண்டாவதும் அச்சாகும். பிரிண்டரின் மேல் தவறே இல்லை, இரண்டு முறை கேட்டீர்கள், இரண்டு முறை கொடுத்தது.

காணாமல் போகும் சீட்டுக்கு நான் முதலில் சந்தேகப்படும் இடம், நீங்கள் கனெக்ஷனை மூடும் விதம். மறுமுனையிலிருந்து வந்த பதிலைப் படிக்காமலேயே சாக்கெட்டை, அதாவது கனெக்ஷனின் உங்கள் முனையை, மூடினால் பல ஆபரேட்டிங் சிஸ்டங்கள் கனெக்ஷனைத் துண்டித்துவிடும், இன்னும் போகாமல் வரிசையில் நின்ற கடைசி பைட்டுகள் அதோடு போச்சு. மேலும் சாதாரண பிடிஎஃப்பில் எந்தப் பகுதி ஃபைலில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் இருக்கும். அதனால் வால் அறுந்த பிடிஎஃப் கையில் கிடைத்தால் பல பிரிண்டர்கள் ஒரு பக்கம்கூட அச்சிடாமல் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும். எழுதும் பக்கத்தை மட்டும் முதலில் மூடுங்கள், பிறகு மறுமுனை தானாக மூடும்வரை படித்துக்கொண்டே இருங்கள், அப்புறம் முழுதாக மூடுங்கள். இந்த ஒரு மாற்றமே உங்கள் காணாமல் போன சீட்டுகளில் கணிசமானவற்றைத் திருப்பித் தரும் என்று நினைக்கிறேன்.

பதினைந்து பக்கக் குப்பை வேறு கதை, அது மொழிப் பிரச்சினை. பிரிண்டர்கள் எல்லாம் ஒரே மொழி பேசுவதில்லை. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்டும் எச்பியின் பிசிஎல்லும் 1984இல் வந்தவை, இன்றும் உயிரோடு இருக்கின்றன. லேபிள் பிரிண்டர்களுக்குத் தனி மொழிகள் உண்டு. பிடிஎஃப்பை நேரடியாகப் புரிந்துகொள்ளும் பிரிண்டர்கள் நிறைய இருந்தாலும் எல்லாம் அப்படி இல்லை. புரியாத ஒன்று வந்தால் சில பிரிண்டர்கள் அதை வெறும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு வரி வரியாக அச்சிட்டுத் தள்ளும். அந்தக் குப்பைப் பேப்பரைக் கசக்கி எறியாதீர்கள், அதன் முதல் வரியைப் படியுங்கள். சதவீதக் குறியை அடுத்து பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகள் தெரிந்தால் அந்த பிரிண்டருக்கு பிடிஎஃப் தெரியாது. சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிஎஸ் என்று இருந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது. கம்ப்யூட்டரில் நிறுவும் டிரைவரின் முக்கிய வேலையே இந்த மொழிபெயர்ப்புதான். நீங்கள் நேராக 9100க்குப் போனபோது மொழிபெயர்ப்பாளரைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

சரி, என்ன செய்வது? பிரிண்டர் ஐபிபி பேசினால் அதற்கு மாறுங்கள். இன்டர்நெட் பிரிண்டிங் ப்ரோட்டோகால் என்பதன் சுருக்கம் அது, ஐபி முகவரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1999இல் முதல் வடிவம் வந்தது, போர்ட் 631. வெப் அப்ளிகேஷன் எழுதும் உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது, ஏனென்றால் அடியில் ஓடுவது வெப்பில் டேட்டா அனுப்பும் அதே எச்டிடிபி போஸ்ட்தான், உள்ளே வைக்கும் செய்தி மட்டும் பைனரி வடிவம். இதை நீங்களே கையால் எழுத வேண்டாம், உங்கள் மொழிக்கு லைப்ரரி இருக்கும். லினக்ஸ் சர்வர் என்றால் கப்ஸ் என்ற பிரிண்டிங் மென்பொருள் இருக்கிறது, அதில் ஒரு வரிசையை அமைத்து அதனிடம் கொடுத்துவிடலாம், மொழிபெயர்ப்பையும் அது பார்த்துக்கொள்ளும்.

ஐபிபியை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், அதில் கேள்வி கேட்க முடியும் என்பது. அனுப்பும் முன்பே பிரிண்டரின் பண்புகளைக் கேட்டால் எந்தெந்த ஃபைல் வகை அதற்குப் புரியும், எந்த அளவுப் பேப்பர் உள்ளே இருக்கிறது, இப்போது சும்மா இருக்கிறதா நின்றுபோயிருக்கிறதா, நின்றிருந்தால் ஏன் என்று சொல்லும். பேப்பர் இல்லை, பேப்பர் சிக்கியது, டோனர் குறைவு என்று காரணத்துக்குத் தனித்தனிச் சொற்களே வைத்திருக்கிறார்கள். வேலையைக் கொடுத்ததும் ஓர் எண் திரும்பி வரும். அதுதான் உங்களிடம் இத்தனை நாளாக இல்லாத ரசீது. அந்த எண்ணை வைத்து நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்: 3 என்றால் காத்திருக்கிறது, 5 என்றால் நடக்கிறது, 6 நடுவில் நின்றது, 7 ரத்து, 8 கைவிடப்பட்டது, 9 முடிந்தது.

அந்த 9ஐயும் முழுக்க நம்பிவிடாதீர்கள். பேப்பர் தட்டில் வந்து விழுந்தது என்பதே அதன் பொருள், ஆனால் நடுவில் ஒரு பிரிண்ட் சர்வர் இருந்து, அதற்குப் பின்னால் இருக்கும் கருவி நிலையைத் திருப்பிச் சொல்ல முடியாத ரகம் என்றால், சர்வர் தன்னளவில் முடிந்தது என்று குறித்துவிட்டு, ‘கருவியின் வரிசையில் இருக்கிறது’ என்ற காரணத்தைக் கூடவே வைக்கும். நிலையை மட்டும் படித்துக் காரணத்தைப் படிக்காத புரோகிராம் மறுபடியும் பழைய பொய் வெற்றிக்கே போய்விடும். காரணத்தையும் சேமியுங்கள்.

இதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் வடிவமும் மாற வேண்டும். வெற்றி, தோல்வி என்று இரண்டு மதிப்பு போதாது. அனுப்பியது, பிரிண்டர் ஏற்றது, முடிந்தது என்று பிரிண்டர் சொன்னது, கைவிட்டது, தெரியவில்லை என்று குறைந்தது ஐந்து வையுங்கள். இந்தத் ‘தெரியவில்லை’யை எழுத இன்டர்ன்களுக்குத் தயக்கம், அரைகுறை வேலை போலத் தோன்றுகிறது, ஆனால் அதுதான் இதில் மிக நேர்மையான சொல். டைம்அவுட் ஆன சீட்டின் கதி உண்மையிலேயே தெரியாது. அப்போது தானாக மறுபடி அனுப்பாதீர்கள். ‘இந்தச் சீட்டு வந்ததா?’ என்று திரையில் கிடங்கு ஆளைக் கேளுங்கள், அவர் இல்லை என்று சொன்னால் மறுபடி அச்சிடுங்கள், அப்படி அச்சிடும்போது சீட்டிலேயே ‘மறுபிரதி’ என்று போடுங்கள். என் முதல் வருடத்தில் இதே வகைக் கோடை எழுதியது நான்தான். ஒரே சரக்குக்கு இரண்டு சீட்டு போய், இரண்டு பேர் தனித்தனியாக அந்தச் சரக்கைத் தேடி அரை நாள் அலைந்தார்கள். அவர்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது, அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் எம்ஐடியில் இருந்தபோது, ஆய்வகத்தின் பழைய பிரிண்டர் மென்பொருளை மாற்றி, அச்சு முடிந்ததும் உரியவருக்குச் செய்தி போகும்படியும், பேப்பர் சிக்கினால் காத்திருக்கும் எல்லோருக்கும் தகவல் போகும்படியும் செய்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது, அதன் சோர்ஸ் கோடைத் தர மறுத்துவிட்டார்கள், அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. கட்டற்ற மென்பொருள் பற்றிய அவரது பிடிவாதத்துக்குப் பின்னால் இந்த அனுபவமும் உண்டு. காத்திருப்பவருக்கு உண்மை நிலையைச் சொல்ல வேண்டும் என்ற அதே வேலைதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரிண்டர் திடீரென்று ‘கிடைக்கவில்லை’ என்று வரும் நாட்களும் வரும். பெரும்பாலும் ஐபி முகவரி மாறியிருக்கும், நெட்வொர்க் நிர்வாகியிடம் சொல்லி அந்த பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். போனில் தானாகத் தெரியும் பிரிண்டர் உங்கள் சர்வரிலிருந்து தெரியாமல் போகலாம், தானாகக் கண்டுபிடிக்கும் அந்த முறை 5353 போர்ட்டில் ஒரே உள்வட்ட நெட்வொர்க்குக்குள் கூவுவது, ரவுட்டரைத் தாண்டாது. இன்னொன்று, விண்டோஸில் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டினாலும் அது நன்றாகவே இருக்கலாம், நிலை கேட்கும் எஸ்என்எம்பி கேள்விக்கு, அதாவது 161 போர்ட்டுக்கு, பதில் வராததால்கூட அப்படிக் காட்டும். எதுவானாலும் தேடலை பிரிண்டர் முனையிலிருந்து தொடங்குங்கள். அதன் பேனலிலேயே ஒரு நிலவரப் பக்கம் அச்சிடுங்கள், பேப்பர், டோனர், முகவரி மூன்றும் அதில் தெரிந்துவிடும். பிறகு பிங், அதாவது கருவி நெட்வொர்க்கில் பதில் சொல்கிறதா என்ற சோதனை, பிறகு போர்ட் திறந்திருக்கிறதா, பிறகு வரிசை, கடைசியில்தான் உங்கள் கோட். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்து பாதி நாளை இழக்கிறோம்.

கற்றுக்கொள்ள அலுவலக பிரிண்டரை வதைக்க வேண்டியதில்லை. நெட்கேட் என்ற சிறு புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரிலேயே 9100இல் கேட்க வைத்து, வருவதை ஒரு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், உங்கள் புரோகிராமை அந்தப் பக்கம் திருப்புங்கள். நீங்கள் உண்மையில் என்ன அனுப்புகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பீர்கள். கப்ஸோடு ஒரு பொய் ஐபிபி பிரிண்டரும் வருகிறது, ஐபிபிஈவ்பிரிண்டர் என்று பெயர், அதனிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் வேலை கொடுத்துப் பார்க்கலாம். நெட்வொர்க்கில் போகும் டேட்டாவைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்தால் இரண்டு மாலைப்பொழுதில் ஐபிபி பிடிபட்டுவிடும்.

அனுமதி வாங்காமல் அலுவலக நெட்வொர்க்கை ஸ்கேன் மட்டும் செய்யாதீர்கள். 9100க்கு எது வந்தாலும் அச்சிட்டுவிடும் பிரிண்டர்கள் இருப்பதால், என்மேப் என்ற ஸ்கேன் கருவியே பதிப்பு அறியும் சோதனையில் அந்த போர்ட்டை இயல்பாகத் தவிர்த்துவிடுகிறது. பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது. 9100க்குப் பாஸ்வேர்டு கிடையாது, அதை இன்டர்நெட் பக்கம் திறந்துவிடவே கூடாது. 2021இல், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் ஸ்பூலரில் வந்த பிரிண்ட்நைட்மேர் ஓட்டையும், 2024 செப்டம்பரில் கப்ஸ் பக்கம் வெளிவந்த ஓட்டைகளும் பிரிண்டிங் சேவையைச் சாதுவான மூலை என்று நினைக்க முடியாது என்று காட்டின. அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேட்டு வையுங்கள், உங்கள் புரோகிராம் எழுதும் பதிவான லாகில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போய் உட்காராமல் பாருங்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். சீனியர்கள் கேள்விக்குச் சலிப்பதில்லை, ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்துக்குத்தான் சலிக்கிறார்கள். ஒரு நோட்டு வைத்து என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்தக் கைவரை சீட்டு போனது உறுதி என்று மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள். எழுதும்போதே சில கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும், மீதியைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தினமும் பத்து நிமிடம் கிடங்குக்குப் போய் அந்த பிரிண்டர் பக்கத்தில் நில்லுங்கள். அதில் தினம் பேப்பர் வைப்பவருக்கு உங்கள் லாகில் இல்லாத விஷயங்கள் தெரியும், எந்தத் தட்டு சிக்கும், எந்த நேரத்தில் கூட்டம், எப்போது யார் சுவிட்சை அணைக்கிறார்கள் என்று.

நாளை காலை கோடைத் தொடும் முன் அந்த பிரிண்டரிடம் ஐபிபியில் பண்புகளைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அதில் பிடிஎஃப் இருக்கிறதா என்று தேடுங்கள். 631இலிருந்து பதிலே வராவிட்டால், பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஐபிபியை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா, நடுவில் ஃபயர்வால் தடுக்கிறதா என்று சீனியரிடம் கேளுங்கள். அவரிடம் கொண்டுபோக வேண்டிய முதல் கேள்வி இதுதான்.