பூசைக்கு டெனிம் போட்டால் குற்றமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம் எங்களுக்கு. நான் கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். டெனிமும் அரைக்கை டொப்பும் போட்டிருந்தேன், ஷோல் போடவில்லை. கோயில் வாசலில் ஒரு பெரியம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கொழும்பு உடுப்போடயா சாமிக்கு முன்னால வாற?" என்று கேட்டார். நான் அப்படியே திரும்பிவிட்டேன். அம்மாவும் அழுதுகொண்டே என் பின்னால் வந்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா பூசைக்கே போவதில்லை. டெனிம் போடுவது குற்றமா அக்கா? முக்காடு கட்டாயமா? நத்தாருக்கு வீட்டுக்கு வரவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது டெனிம் இல்லை, அம்மா. ஆனாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

முக்காடு கட்டாயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், கோயிலில் பெண்கள் தலையை மூடவேண்டும், ஆண்கள் மூடக்கூடாது என்று எழுதியே இருந்தது. 1983இல் வந்த தொகுப்பில் அந்த விதி இல்லை. நம் பெண்கள் இன்றும் முந்தானையைத் தலைக்கு இழுத்து விடுகிறார்கள் என்றால் அது பழக்கமும் பக்தியும். மலையில் கொஞ்சம் குளிரும்தான். விடியற்காலைப் பூசைக்கு வருகிற ஆண்கள் வாசலில் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், பெண்கள் அதே வாசலில் தலையை மூடுவார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தை வாசித்த பிறகுதான் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது.

அப்புறம் டெனிம். அந்தத் துணியில் ஒரு குற்றமும் இல்லை. ரோமில் புனித பேதுரு பேராலய வாசலிலேயே தோளும் முழங்காலும் மூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், ஆணானாலும் பெண்ணானாலும். நீங்கள் சொல்கிற உடுப்போடு அங்கே போயிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். ஆனால் தோட்டத்துக் கோயிலில் நாம் பாயில் உட்காருகிறோம், முழந்தாளிடுகிறோம், குனிந்து எழும்புகிறோம். இறுக்கமான டெனிமும் குட்டை டொப்புமாக அதைச் செய்தால், பின்பக்கம் இழுத்து விடுவதிலேயே பூசை முடிந்துவிடும். நான் பார்க்கிற கணக்கு இவ்வளவுதான்: முழந்தாளிட்டு எழும்பும்போது உடுப்பு ஞாபகத்துக்கு வரக்கூடாது. தம்பிமாருக்கும் இதே கணக்குதான். மண்டையோட்டுப் படம் போட்ட டீசேர்ட்டோடு நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரிசையில் நிற்கிற பையனை எந்தப் பெரியம்மாவும் மறித்து நான் பார்த்ததில்லை.

பெண்களின் அடக்கம் என்றதும் எடுத்து நீட்டுகிற வசனம் 1 திமொத்தேயு 2:9. அதைக் கடைசி வரை வாசித்துப் பாருங்கள். பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது தலைப் பின்னலையும் பொன்னையும் முத்தையும் விலை கூடின உடுப்பையும்தான். பணத்தை மேலில் போட்டுக் காட்டாதே என்கிறார். திருவிழாவன்று ஜரிகை மினுங்க, கழுத்து நிறைய நகையோடு முன்னால் போய் உட்காருகிறவர்களுக்கு அந்த வசனத்தை யாராவது வாசித்துக் காட்டுகிறார்களா?

எங்கள் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே கோயிலுக்கு, இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கிற சிலுவைப்பாதைக்கு வருவார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து வெளியே வேலியில் போட்டுவிட்டு, பீலித் தண்ணீரில் கை கால் கழுவுவார். விரல் நுனியில் பிடித்த கறை மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு நாள் யாரோ, "இந்தக் கோலத்தோடயா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு 14 நிலைகளுக்கும் அம்மா கதவுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே இருந்தேன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. யாக்கோபின் கடிதம் 2ஆம் அதிகாரத்தில், மோதிரம் போட்டவனை "இங்கே உட்காரும்" என்றும் அழுக்கு உடுப்போடு வந்த ஏழையை "அங்கே நில்" என்றும் சொல்கிற இடம் வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்கு அந்த வேலிதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் பெரியம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் வாசலில், நாலு பேருக்கு முன்னால் சொன்னது தப்பு. தன் ஷோலை எடுத்துக் கொடுத்து, "இதப் போட்டுக்க மகள்" என்றிருந்தால் நீங்களும் உள்ளே போயிருப்பீர்கள், உங்கள் அம்மா இன்றைக்கும் பூசைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இன்றே கோல் எடுங்கள். "உங்களுக்கு வெட்கத்தைத் தேடித் தந்துட்டேனா?" என்று நேராகவே கேளுங்கள். அழுவார், அழட்டும். பங்குச் சுவாமியிடமும் நடந்ததைச் சொல்லி, ஒரு தடவை லயத்து வீட்டுப் பக்கம் போய் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மாவின் பெயரை இழுக்க வேண்டாம். அந்தத் தோட்டத்தில் யார் சொன்னது என்று சுவாமிக்குத் தெரியாமலா இருக்கும்?

நத்தாருக்குக் கட்டாயம் வாருங்கள். சேலைதான் கட்டவேண்டும் என்றில்லை, தளர்வான பஞ்சாபி போதும். துணிக்கடையில் இருக்கிறீர்கள், அம்மாவுக்கு ஒரு நல்ல பருத்திச் சேலை பார்த்து எடுங்கள். நள்ளிரவுப் பூசைக்கு அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். டிசம்பர் மாதத்து ஹட்டன் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டருக்குள்தான் இருப்பார்கள், பெரியம்மாவும்தான்.